பாடத்திடை வினா: ஆசிரியர் முன்னிலாக் கல்வியின் வரலாறு

இணையவழிப் பாடம் அமைத்தல் என்பது இன்று தமிழ்த் துறைகளின் வாயிலில் வந்து நிற்கும் பணியாகும். மாணவர் தம் படிப்பின் ஒரு பகுதியைச் 'சுவயம்' என்னும் இந்திய அரசின் இணையத்தளத்தின் வழியே பயின்று மதிப்பலகு பெறலாம் எனப் பல்கலைக் கழக மானியக் குழு 2016-ஆம் ஆண்டில் விதி செய்தது. ஒரு பருவத்தில் 20 விழுக்காடு என்று அப்பொழுது வகுக்கப்பெற்ற எல்லை 2021-ஆம் ஆண்டில் 40 விழுக்காடாக உயர்ந்தது. ஆகவே, இதுகாறும் வகுப்பறையில் நின்று பாடம் சொன்ன ஆசிரியரும், நாளை ஆசிரியராகவிருக்கும் ஆராய்ச்சி மாணவரும், தாம் ஒருபோதும் கண்ணாற் காணாத மாணவர்க்குப் பாடம் எழுத வேண்டியவர் ஆகின்றனர். அங்ஙனம் எழுதப் புகுவோர் முதற்கண் வினவுவது பெரும்பாலும் கருவியைப் பற்றியதாகவே உள்ளது. எந்தக் காமிரா, எத்தனை நிமிடம், பின்னணியில் என்ன படம் என்பனவே பேசப்படுகின்றன. இவை தேவையான கேள்விகளே. ஆயினும் முதற் கேள்விகள் அல்ல.

கருவி புதிது, இடர்ப்பாடு பழையது. ஆசிரியர் ஓரிடத்தும் மாணவர் வேறோரிடத்தும் இருந்து கற்கும் முறை அஞ்சல், வானொலி, தொலைக்காட்சி, கணிப்பொறி எனப் பல ஊர்திகளில் ஏறி வந்துள்ளது. ஒவ்வோர் ஊர்தியும் புதிதாக வந்தபொழுது, ஆசிரியர் சொல்லை மாணவரிடம் கொண்டு சேர்ப்பதே கல்வி என்னும் எண்ணமும் உடன் வந்தது. பின்னர், மாணவர் சொல் ஆசிரியரிடம் திரும்பி வரும் வழி ஒன்று அமைந்த பிறகே அக்கல்வி நிலைபெற்றது. இவ்வரலாற்றைப் பாடத்தின் உள்ளே வைக்கப்பெறும் வினா என்னும் ஒரே உறுப்பைக் கொண்டு ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பாடத்திடை வினா தமிழ் மாணவர்க்குப் புதிதன்று. நன்னூலின் பொதுப்பாயிரம் உரையின் உறுப்புகளாகப் பதினான்கினைத் தொகுத்துக் கூறும் இடத்தில் வினாவையும் விடையையும் தனித்தனியே எண்ணுகின்றது. காண்டிகையுரைக்கு வேண்டுவன எனச் சுருக்கிக் கூறும் சிலவற்றுள்ளும் அவ்விரண்டும் இடம் பெற்றுள்ளன. இறையனார் களவியலுரை தொட்டு நம் உரையாசிரியர்கள் தடை எழுப்பி விடை இறுக்கும் முறையில் வல்லவர்கள். இவற்றைக் காட்டி, இன்றைய மேலை நாட்டார் கண்ட பாடமுறையெல்லாம் பண்டே நம்மிடம் இருந்தது என்று கூறிவிடுதல் எளிது. அது ஆராய்ச்சி ஆகாது. உரையாசிரியர் எழுப்பும் வினாவுக்கு உரையாசிரியரே விடை கூறிவிடுகின்றார். கற்பவர் அவ்வினாவின் முன் நின்று தாமே விடை தேட வேண்டிய கட்டாயம் இல்லை. அடுத்த வரியிலேயே விடை இருக்கின்றது. உரையின் வினா கற்பவரின் ஐயத்தை முன்னுணர்ந்து தீர்ப்பது. ஆசிரியர் முன்னிலாப் பாடத்துக்கு வேண்டும் வினாவோ கற்பவரின் ஐயத்தை வெளிக்கொணர்வது. இவ்வேறுபாட்டினை மனத்திற் கொண்டாலன்றிப் பின்வரும் வரலாறு விளங்காது.

பொதுப்பாயிரம் வேறொரு வகையில் நமக்குப் பெரிதும் பயன்படுகின்றது. மாணாக்கரை அன்னம், பசு, மண், கிளி, ஓட்டைக் குடம், ஆடு, எருமை, நெய்யரி என உவமை காட்டி வகுக்கும் பவணந்தியார், கொள்பவரின் தகுதி அறிந்து பாடம் சொல்லுமாறு ஆசிரியருக்கு விதிக்கின்றார். கேட்டவற்றை மாணாக்கர் வினவுதலும், வினவியவற்றுக்கு விடை கூறுதலும் பாடங் கேட்டலின் பகுதிகளே என்கின்றார். இவையெல்லாம் இருவரும் ஓரிடத்தில் இருத்தலை வேண்டுவன. முகம் காணாத ஆசிரியருக்கு அன்னம் எது, ஓட்டைக் குடம் எது என்று தெரிவது எங்ஙனம்? தொலைவிலிருந்து கற்பித்தலின் முழு இடர்ப்பாடும் இவ்வொரு கேள்வியுள் அடங்கும்.

மேலை நாட்டில் இம்முயற்சியின் தொடக்கமாகச் சிலர் 1728-ஆம் ஆண்டில் பாசுடன் நகரச் செய்தித்தாள் ஒன்றில் காலெப் பிலிப்சு என்பார் வெளியிட்ட விளம்பரத்தைக் காட்டுவர். சுருக்கெழுத்துப் பாடங்களை வாரந்தோறும் அனுப்புவதாக அது கூறுகின்றது. மாணவர் எழுதித் திருப்பி அனுப்புவது பற்றி அவ்விளம்பரத்தில் பேச்சில்லை. எனவே அதனைத் தொடக்கம் என நாம் கொள்ளவில்லை. 1840-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் பாத் நகரத்தில் ஐசக் பிட்மன் செய்ததே நம் பொருளுக்கு உரிய தொடக்கமாகும். அவர் தம் சுருக்கெழுத்து முறையைச் சிறு தாளில் அச்சிட்டுப் பரப்பினார். கற்போர் விவிலியப் பகுதிகளைச் சுருக்கெழுத்தில் எழுதி அஞ்சலில் அனுப்பினர். பிழை திருத்தப்பெற்று அவை திரும்பிச் சென்றன. 1843-இல் இத்திருத்தப் பணிக்கென ஒரு கழகமே அமைந்தது.

இஃது அவ்வாண்டில் நிகழ்ந்தமைக்குக் காரணம் உண்டு. அதற்கு முன்னர் இங்கிலாந்தில் அஞ்சற் கட்டணம் தொலைவையும் தாளின் எண்ணிக்கையையும் பொறுத்தது. பெரும்பாலும் பெறுபவரே அதனைச் செலுத்தினர். 1840 சனவரி 10-ஆம் நாள் முதல் நாடெங்கும் ஒரே கட்டணமாக ஒரு பென்னி வகுக்கப்பெற்றது. பாடத்தை அனுப்ப அச்சுப் புத்தகமே போதும். அது பல நூற்றாண்டுகளாக இருந்தது. பிழையுள்ள ஒரு தாள் ஏழை மாணவரிடமிருந்து ஆசிரியரிடம் சென்று மீள்வதற்கே பென்னி அஞ்சல் தேவைப்பட்டது. கல்வியை மாற்றியது போகும் வழியன்று, மீளும் வழியே.

1858-ஆம் ஆண்டில் இலண்டன் பல்கலைக் கழகம், எங்குக் கற்றவராயினும் தன் தேர்வுகளை எழுதலாம் என வாயில் திறந்தது. மருத்துவம் மட்டும் விலக்காக நின்றது. இது தேர்வைத் தந்ததேயன்றிப் பாடத்தைத் தரவில்லை. அந்த இடைவெளியில் அஞ்சல்வழிப் பயிற்சிக் கல்லூரிகள் முளைத்தன. வில்லியம் பிரிக்சு 1887-இல் தொடங்கிய கல்லூரியில் எச். ஜி. வெல்சு பின்னாளில் நாவலாசிரியராகப் புகழ் பெறுமுன் பணியாற்றினார். இக்கல்லூரிகள் தேர்வு வினாவை நோக்கி மாணவரைப் பழக்கினவாதலின், வினா இங்கே பயிற்சிக் கருவியாயிற்று, ஐயந்தீர்க்கும் கருவியாகவில்லை.

இவற்றினும் சிறப்பாக எண்ணத்தக்கது அமெரிக்காவின் பாசுடன் நகரில் அன்னா எலியட் டிக்னர் 1873-இல் நிறுவிய வீட்டுக் கல்வி ஊக்கக் கழகம். கல்லூரிக் கதவுகள் பெரும்பாலும் அடைத்திருந்த காலத்தில், கற்ற பெண்டிர் ஊதியமின்றி, கல்லாப் பெண்டிர்க்குத் திங்கள்தோறும் தனித்தனியே மடல் எழுதினர். கழகம் நூல்களை இரவலாக அனுப்பியது. படித்த பகுதியை மூடிவைத்து நினைவிலிருந்து குறிப்பெழுதுமாறு மாணவியர்க்குச் சொல்லப்பெற்றது. 1897-இல் அக்கழகம் முடிவுறுவதற்குள் ஏறத்தாழ 7,000 பெண்டிர் அதன் வழிக் கற்றனர். மூடிவைத்து நினைவு கூர்தல் என்னும் இச்சிறு கட்டளையின் அருமை 2006-ஆம் ஆண்டில்தான் உளவியலாரால் தெளிவாக அளந்து காட்டப்பெற்றது. ரோடிகர், கார்ப்பிக் என்னும் இருவர் ஒரே பகுதியைச் சிலர்க்கு மீண்டும் படிக்கக் கொடுத்தனர். சிலரை நினைவிலிருந்து எழுதச் செய்தனர். ஐந்து நிமிடங்களுக்குப்பின் சோதித்தபொழுது மீண்டும் படித்தவரே முந்தினர்; ஒரு வாரத்துக்குப்பின் சோதித்தபொழுது நினைவிலிருந்து எழுதியவர் முந்தினர். டிக்னர் அம்மையார் சோதனைச் சாலை வைத்திருக்கவில்லை. திரும்பி வந்த மடல்களே அவருடைய சோதனைச் சாலை.

சிகாகோப் பல்கலைக் கழகத்தின் முதல் தலைவரான வில்லியம் இரெய்னி ஆர்ப்பர் எபிரேய மொழியை 1881 முதல் அஞ்சலில் கற்பித்தவர். 1892-இல் பல்கலைக் கழகம் தொடங்கியபொழுதே அஞ்சல்வழிக் கல்வியை அதன் உறுப்பாக்கினார். மொழி கற்பித்தவர் கைகளில் இம்முறை வளர்ந்தமை தற்செயலன்று. மொழிப்பாடத்தில் மாணவர் செய்யும் பிழை தாளில் வெளிப்படையாகத் தெரிகின்றது. அதனைத் திருத்தாமல் மேற்செல்ல இயலாது.

திரைப்படமும் வானொலியும் வந்தபொழுது இப்பாடம் மறக்கப்பட்டது. பள்ளி நூல்கள் விரைவில் வழக்கொழியும், திரைப்படமே அனைத்தையும் கற்பிக்கும் என 1913-இல் எடிசன் கூறினார். திரைப்படத்துக்குக் காது இல்லை என்பதனை அவர் எண்ணவில்லை போலும். இதற்கு மாறான நிகழ்ச்சி ஆத்திரேலியாவில் நிகழ்ந்தது. அந்நாட்டின் நடுப்பகுதியில் நூற்றுக்கணக்கான கல் தொலைவில் சிதறிக் கிடந்த கால்நடைப் பண்ணைகளின் குழந்தைகட்கென 1951-இல் ஆலிசு சுபிரிங்சு நகரிலிருந்து 'வான்வழிப் பள்ளி' தொடங்கியது. பறக்கும் மருத்துவர் பணிக்காக அமைந்திருந்த இருவழி வானொலியே அதன் கருவி. முதலில் ஆசிரியர் பேசக் குழந்தைகள் கேட்டனர். விரைவிலேயே ஒவ்வொரு பாடத்தின் இறுதியிலும் வினாவிடைக்கு நேரம் ஒதுக்கப்பட்டது. மருத்துவரை அழைக்க அமைந்த கருவியாதலின் குழந்தையும் பேச முடிந்தது என்பது இங்கு நினைக்கத்தக்கது.

இனி, வினாவையே பாடமாக்கிய ஒரு கொள்கையைக் காண்போம். ஆர்வர்டுப் பல்கலைக் கழக உளவியலார் ஸ்கின்னர் 1953-இல் தம் மகளின் கணக்கு வகுப்பை ஒரு நாள் பார்வையிட்டார். விரைந்து முடித்த மாணவர் வாளா இருந்தனர். முடிக்க இயலாதவர் தவித்தனர். தம் விடை சரியா என்பது ஒருவருக்கும் உடனே தெரியவில்லை. இதனைக் கண்டு அவர் 1954-இல் கட்டுரை ஒன்று வெளியிட்டுக் கற்பிக்கும் பொறி ஒன்றையும் அமைத்தார். பாடம் மிகச் சிறிய படிகளாகப் பகுக்கப்பட்டது. ஒவ்வொரு படியின் இறுதியிலும் மாணவர் ஒரு விடையை எழுத வேண்டும். எழுதிய உடனே சரியான விடை தோன்றும். மாணவர் பெரும்பாலும் பிழை செய்யாதவாறு படிகள் அமைதல் வேண்டும் என்பதும், பிழை மிகுந்தால் பாடமே குறையுடையது என்பதும் அவர் கொள்கை. பின்னதனை நாம் பொன்போற் போற்றலாம். முன்னதில் ஒரு குறை உண்டு. பிழையே நேராத பாடத்தில் மாணவர் எதனை அறியார் என்பது வெளிப்படாது. அன்றியும் அத்தகைய பாடம் சலிப்பூட்டும். அக்காலத்து நிரல்வழிப் பாடநூல்களைப் புரட்டிப் பார்ப்போர் இதனை உணர்வர்.

நார்மன் கிரவுடர் என்பவர் அதே பத்தாண்டில் வேறு வழி கண்டார். அவருடைய நூலில் ஒரு வினாவுக்குப் பல விடைகள் தரப்படும். தாம் தேர்ந்த விடைக்கு நேரே குறித்த பக்கத்துக்கு மாணவர் செல்ல வேண்டும். தவறான விடையைத் தேர்ந்தவர் செல்லும் பக்கத்தில், அத்தவறு ஏன் நேர்ந்திருக்கும் என்பது விளக்கப்பட்டு, மீண்டும் வினாவுக்கு அனுப்பப்படுவர். பிழையைத் தவிர்ப்பது ஸ்கின்னர் முறை. பிழைக்கு வழி அமைப்பது கிரவுடர் முறை. நம் பாடங்களுக்குப் பின்னதே பொருந்தும் என்பது எம் கருத்து. யாப்பிலக்கணத்திலிருந்து ஒரு சான்று தருவோம். வெண்பாவில் மாச்சீரின் பின் எவ்வசை முதலாகிய சீர் வரும் என்பது வினா. நிரை என்பதே விடை. அது இயற்சீர் வெண்டளை. ஒருவர் நேர் எனக் கூறினால், அவர் வாளா தவறிழைக்கவில்லை. நேரொன்றாசிரியத் தளையை வெண்பாவில் கொணர்ந்துவிட்டார். காய்ச்சீரின் பின் நிரை வரும் என்பவர் கலித்தளைக்குச் சென்றுவிட்டார். இங்ஙனம் ஒவ்வொரு தவற்றுக்கும் இலக்கணத்திலேயே ஒரு பெயர் உண்டு. 'தவறு, மீண்டும் முயல்க' என்று மட்டும் கூறும் பாடம் இப்பெயர்களை வீணாக்குகின்றது. 'நீவிர் கூறியது அகவலுக்கு உரியது. வெண்பாவில் சீரின் ஈற்றசையும் வருஞ்சீரின் முதலசையும் இயற்சீர்க்கண் மாறுபட்டே நிற்கும்' என்று கூறும் பாடம் தளையியல் முழுவதையும் ஒரு பிழையின் வழியே கற்பித்துவிடுகின்றது.

கணிப்பொறி இத்துறையில் 1960-இல் நுழைந்தது. அவ்வாண்டில் இல்லினாய்ப் பல்கலைக் கழகத்தில் டொனால்டு பிட்சர் அமைத்த 'பிளேட்டோ' என்னும் அமைப்பே முதன்மையானது. அதன் பாடங்கள் பல ஸ்கின்னர், கிரவுடர் ஆகியோர் வழிப்பட்டவையே. ஆயின் வரலாற்றில் அது நிலைத்த இடம் பெற்றமைக்குக் காரணம் வேறு. அமைப்பின் பழுதுகளை அறிவித்தற்கென டேவிடு உல்லி என்னும் இளைஞர் 1973-இல் குறிப்பெழுதும் ஏடு ஒன்றினை அதில் உண்டாக்கினார். பயன்படுத்துவோர் அதனைப் பழுது கூறவும், வினவவும், விடை கூறவும், அளவளாவவும் கொண்டனர். கேட்கப்பட்ட வினாவுக்கு விடையளிக்கவே அமைந்த பொறியில், கேட்க விரும்பிய வினாவைக் கேட்பதற்கு மாணவர் தாமே ஒரு வழியைக் கண்டுகொண்டனர். இன்றைய இணையவழிப் பாடங்களின் உரையாடற் பக்கம் இவ்வேட்டின் வழித்தோன்றலாகும்.

இவ்வரலாற்றில் நடுநாயகமாக விளங்குவது பிரிட்டனின் திறந்தநிலைப் பல்கலைக் கழகம். 1963 செப்டம்பரில் கிளாசுகோ நகரில் ஆரால்டு வில்சன் 'வான்வழிப் பல்கலைக் கழகம்' என்னும் கருத்தை வெளியிட்டார். பின்னர் அவர் முதலமைச்சரானபொழுது, சென்னி இலீ அம்மையாரின் விடாமுயற்சியால் 1969 ஏப்ரல் 23-ஆம் நாள் அது அரச சாசனம் பெற்றது. 1971 சனவரியில் ஏறத்தாழ 24,000 மாணவருடன் பாடங்கள் தொடங்கின. பெயர் வான்வழியாகத் தோன்றினும், மாணவரின் உழைப்பில் பெரும்பகுதி அச்சிட்ட பாடப் பகுதிகளிலேயே கழிந்தது. வானொலியும் தொலைக்காட்சியும் வாரத்தில் சிறிது நேரமே. இஃது எண்ணிப் பார்க்கத்தக்கது. ஒலிபரப்பின் கவர்ச்சியால் பிறந்த நிறுவனம் அச்சுத் தாளால் வாழ்ந்தது.

முதல் துணைவேந்தர் வால்டர் பெரி அமைத்த 'பாடக்குழு' முறை ஆசிரியர் உலகுக்குப் புதிது. பாடம் ஒருவருடைய சொத்தாக இருக்கவில்லை. துறை வல்லுநர் எழுதிய வரைவைப் பிற ஆசிரியரும், கல்வித் தொழில்நுட்ப வல்லுநரும், ஒலிபரப்பாளரும் குழுவில் வைத்துத் திறனாய்ந்தனர்; வரைவு பலமுறை திருத்தப்பட்டது. பல்கலைக் கழக ஆசிரியருக்குத் தம் வகுப்பறை ஒரு மறைவிடம். அங்குச் சொல்லியதை உடன் பணியாற்றுவோர் கேட்பதில்லை. அம்மறைவு இங்கே நீங்கிற்று. பாடப் பகுதிகளின் இடையிடையே தன்மதிப்பீட்டு வினாக்கள் அமைந்தன. அவற்றின் விடைகள் பகுதியின் இறுதியில் தனியே விளக்கத்தோடு தரப்பட்டன. இதற்கு மேல், மாணவர் எழுதி அனுப்பும் ஒப்படைப்புகளைப் பகுதிநேர ஆசிரியர் திருத்தினர். மதிப்பெண் இடுவதோடு நில்லாமல், தாளில் எழுதும் குறிப்பின் வழியே கற்பித்தல் அவர்தம் கடமை எனப்பட்டது. அறிவியல் மாணவர்க்கு வீட்டிலேயே ஆய்வு செய்தற்குரிய கருவிப்பெட்டி அஞ்சலிற் சென்றது. கோடையில் ஒரு வாரம் அனைவரும் கூடினர்.

இப்பல்கலைக் கழகத்தில் பணியாற்றிய டெரக் இரவுண்ட்ரீ, நல்ல பாடப் பகுதியை அச்சில் நடக்கும் தனிப்பயிற்சி என விளக்கினார். சுவீடனில் பிறந்த போர்யே ஓம்பர்க்கு, நல்ல தொலைக்கல்விப் பாடம் வழிகாட்டி நடத்தும் உரையாடலைப் போன்றது என்னும் கொள்கையை 1960 முதலாக வளர்த்து வந்தார். இவ்விருவரும் கூறுவது ஒன்றே. எழுதுபவர் தம் எதிரே ஒரு மாணவர் அமர்ந்திருப்பதாகக் கருதி, எவ்விடத்தில் அவர் புருவம் சுருங்குமோ அவ்விடத்தில் நிறுத்தி வினவுதல் வேண்டும்.

இந்தியாவில் தில்லிப் பல்கலைக் கழகம் 1962-இல் அஞ்சல்வழிக் கல்வியைத் தொடங்கியது. தொடர்ந்து பல பல்கலைக் கழகங்களில் பரவிய இம்முறையில், மாணவர்க்குச் சென்றது பெரும்பாலும் வகுப்புச் சொற்பொழிவின் எழுத்து வடிவமே. 1982-இல் ஆந்திரப் பிரதேசத் திறந்தநிலைப் பல்கலைக் கழகமும், 1985-இல் இந்திராகாந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக் கழகமும் அமைந்தபொழுதுதான் பிரிட்டானியப் பாட அமைப்பு இந்நாட்டில் வேர் கொண்டது. இரண்டுக்கும் முதல் துணைவேந்தர் கோ. இராம் ரெட்டி அவர்களே. தேசியப் பல்கலைக் கழகத்தின் பாடத் தொகுதிகளில் நோக்கங்கள் முதலில் கூறப்படுதலும், இடையே 'உன் முன்னேற்றத்தைச் சரிபார்' என்னும் பொருள்படும் வினாப்பெட்டியும், விடை எழுத வெற்று வரிகளும், இறுதியில் விடைகளும் அமைந்திருத்தலும் அவற்றைப் பயின்றோர் அறிவர்.

அப்பல்கலைக் கழகத்தின் துணைவேந்தராகப் பின்னர் 1990-களின் முற்பகுதியில் விளங்கியவர் முனைவர் வா. செ. குழந்தைசாமி. குலோத்துங்கன் என்னும் பெயரில் கவிதை எழுதியவரும் அவரே. சென்னையில் 1999-இல் நடைபெற்ற தமிழிணைய மாநாட்டில் அறிவிக்கப்பெற்று, 2001 பிப்ரவரி 17-ஆம் நாள் தொடங்கப்பெற்ற தமிழ் இணையப் பல்கலைக் கழகத்தின் தலைமைப் பொறுப்பை அவர் ஏற்றார். இன்று தமிழ் இணையக் கல்விக் கழகம் எனப்படும் அந்நிறுவனம் உலகெங்கும் பரந்து வாழும் தமிழர்க்கென மழலைக் கல்வி முதல் இளநிலைப் பட்டம் வரை பாடங்களை இணையத்தில் வைத்தது. அதன் பட்டப் பாடங்களைப் பார்ப்போம். பாடம் எதனைக் கூறுகின்றது, படிப்பதனால் வரும் பயன் யாது என்பன முதலில் நிற்கின்றன; பொருள் சிறு பிரிவுகளாகச் செல்கின்றது; இடையிலும் இறுதியிலும் 'தன் மதிப்பீடு' என்னும் தலைப்பில் வினாக்கள் வருகின்றன; ஒவ்வொரு வினாவின் அருகிலும் விடைக்குச் செல்லும் சுட்டி உள்ளது. பிரிட்டானியப் பாடக்குழுவின் தன்மதிப்பீட்டு வினா தில்லி வழியே சென்னை வந்து தமிழ் பேசியது என்று நாம் கருதுகின்றோம். உறுப்புகளின் ஒப்புமையும், தலைமை ஏற்றவரின் முன்னைப் பணியும் இக்கருத்துக்குச் சான்றாவன.

இதன் பெருமையை முதலில் கூறுதல் வேண்டும். மேலை நாட்டுப் பல்கலைக் கழகங்கள் பல தம் சொற்பொழிவுக் குறிப்புகளை அப்படியே இணையத்தில் இடலாமா என எண்ணிக்கொண்டிருந்த காலத்தில், தமிழில் இணையத்துக்கெனவே வகுத்தெழுதிய பாடங்கள் தோன்றின. மாசசூசெட்சுத் தொழில்நுட்பக் கழகம் தன் பாடப் பொருள்களை எல்லார்க்கும் வழங்கப்போவதாக அறிவித்தது 2001 ஏப்ரலில்தான். ஆயினும் ஒரு மாற்றம் நேர்ந்ததைக் குறிக்காமல் செல்ல இயலவில்லை. அச்சுப் பாடத்தில் வினாவின் கீழே வெற்று வரிகள் இருந்தன. விடை பல பக்கங்களுக்கு அப்பால் இருந்தது. இணையப் பக்கத்தில் வெற்று வரிகள் மறைந்தன. விடை ஒரு சொடுக்கில் வந்தது. எழுதத் தூண்டிய வினா படிக்கத் தூண்டும் வினாவாயிற்று. அஃதாவது, அது மீண்டும் உரையாசிரியரின் வினாவாக மாறிவிட்டது. வெற்று வரி என்பது வீணான தாள் என எண்ணியதால் நேர்ந்த இழப்பு இது.

அண்மைக் கால வரலாற்றை விரைந்து காண்போம். 2008-இல் மானிட்டோபாப் பல்கலைக் கழகத்தில் சியார்சு சீமன்சும் சுடீபன் டவுன்சும் நடத்திய பாடத்தில் கட்டணம் செலுத்திய 25 மாணவரோடு இணையத்தின் வழியே 2,000-க்கு மேற்பட்டோர் கலந்தனர். 2011-இல் சுடான்போர்டுப் பல்கலைக் கழகத்தின் செயற்கை அறிவுப் பாடத்தில் ஏறத்தாழ 1,60,000 பேர் பதிவு செய்தனர். அதனை நடத்திய செபாசுடியன் துருனும் பீட்டர் நார்விக்கும் நீண்ட சொற்பொழிவைப் பதிவு செய்யவில்லை. சில நிமிடங்களே ஓடும் துண்டுகளாகப் பேசி, இடையிடையே வினா வைத்தனர். வாரந்தோறும் ஒப்படைப்புக்குக் கெடு வைத்தனர். என்று வேண்டுமானாலும் பார்க்கலாம் என்று விட்டால் என்றும் பாராமலே போவர் என்பதனை நார்விக் உணர்ந்திருந்தார். ஆனால் பின்வந்தோர் பலர் எண்ணிக்கையைக் கண்டு மயங்கினர், அமைப்பைக் காணவில்லை. 2013-இல் சான் ஓசே மாநிலப் பல்கலைக் கழகத்தில் அத்தகைய கணக்குப் பாடங்களில் தேறியோர் தொகை குறைந்ததால் முயற்சி இடைநிறுத்தப்பட்டது. எத்தகைய மாணவர் தேறினர் என்பதை அங்கு ஆராய்ந்தோர், பிற எல்லாவற்றினும் மேலாக, ஒப்படைப்புகளை இடையறாது எழுதி அனுப்பியவரே தேறினர் எனக் கண்டனர். ஆர்வர்டும் மாசசூசெட்சும் நடத்திய பாடங்களை ஆராய்ந்து 2019-இல் வெளிவந்த கட்டுரை, 2017-18-இல் பதிவு செய்தோருள் முடித்தவர் நூற்றுக்கு மூவர் அளவினரே எனக் காட்டியது.

நல்ல காணொளி எது என்பதற்கும் இன்று அளவுகள் உண்டு. பிலிப்பு குவோவும் உடன் ஆய்ந்தோரும் 2014-இல் நான்கு பாடங்களில் 69 இலட்சம் காணல்களை ஆராய்ந்து, ஆறு நிமிடங்களுக்கு மேற்பட்ட காணொளிகளில் மாணவர் கவனம் தளர்வதையும், கூடத்துச் சொற்பொழிவின் பதிவைவிட ஆசிரியர் அருகிருந்து பேசுவது போன்ற எளிய பதிவு பற்றினை மிகுவிப்பதையும் கண்டனர். இதனைப் பலரும் எடுத்துக்காட்டுவர். 2015-இல் கோடிங்கர் முதலியோர் கண்டதனை எடுத்துக்காட்டுவோர் குறைவு: உளவியல் பாடம் ஒன்றில், காணொளி பார்த்தலும் படித்தலும் தந்த பயனைப்போல் ஏறத்தாழ ஆறு மடங்கு பயனை, செய்து பழகும் வினாக்கள் தந்தன. 2019-இல் ஆர்வர்டில் இயற்பியல் மாணவரிடையே நடந்த ஆய்வு இன்னும் கூர்மையானது. சரளமான சொற்பொழிவைக் கேட்டவர் தாம் மிகுதியாகக் கற்றதாக நினைத்தனர். தாமே வினாக்களோடு போராடியவர் குறைவாகக் கற்றதாக நினைத்தனர். சோதித்தபொழுது பின்னவரே மிகுதியாகக் கற்றிருந்தனர். மேடைத் தமிழில் தலைமுறை தலைமுறையாகப் புகழ் பெற்ற நம் துறைகளுக்கு இம்முடிவு இனிமையாக இராது.

இவ்வுண்மையை நம் மாநிலத்திலேயே ஒரு நிறுவனம் நடந்து காட்டியுள்ளது. சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகம் உள்ளிட்ட ஏழு கழகங்களும் பெங்களூர் இந்திய அறிவியல் கழகமும் கூடி 2003-இல் தொடங்கிய தொழில்நுட்பக் கல்வித் திட்டம், முதலில் சொற்பொழிவுகளைப் பதிந்து எல்லார்க்கும் வழங்கியது. 2014-இல் அதே திட்டம் சான்றிதழ்ப் பாடங்களைத் தொடங்கியபொழுது, வாரந்தோறும் ஒப்படைப்பும், அதற்குக் கெடுவும், உரையாடற் பக்கமும், நேரில் எழுதும் தேர்வும் சேர்ந்தன. ஒப்படைப்புக்கு 25, தேர்வுக்கு 75 என மதிப்பெண் பகுக்கப்பட்டது. 2017-இல் தொடங்கிய சுவயமும் காணொளி, படிக்கும் பொருள், தன்மதிப்பீடு, உரையாடல் என்னும் நான்கினையும் பாடத்தின் கூறுகளாக விதித்துள்ளது. விதியில் நான்கும் சமமாக நிற்கின்றன. செலவிலும் நேரத்திலும் காணொளியே பெரும்பகுதியைக் கொள்கின்றது.

பொதுப்பாயிரத்தில் இன்னும் ஒரு கணக்கு உண்டு. ஆசிரியர் உரைத்ததை நன்கு கொண்டாலும் புலமையில் கால்பங்கே கிடைக்கும். உடன் பயில்வோரோடு பழகுவதால் மற்றொரு கால்பங்கு வரும். பிறர்க்கு எடுத்துரைப்பதால் எஞ்சிய அரைப்பங்கு நிறையும் என்பது அதன் கருத்து. இக்கணக்கின்படி காணொளி எத்துணைச் சிறப்பாக அமைந்தாலும் கால்பங்குக்கே உரியது. இணையவழித் தமிழ்ப் பாடம் எழுதுவோர் மற்ற மூன்று கால்பங்குகட்கும் இடம் வகுத்தல் வேண்டும். வெண்பா பற்றிய பாடத்தில் மாணவர் ஒரு வெண்பா இயற்றி அனுப்புதல், மற்றொருவர் வெண்பாவை அலகிட்டுத் தளை காட்டுதல், தளை தட்டிய இடம் ஏன் தட்டியது என்பதை அடுத்தவர்க்கு எழுதி விளக்குதல் ஆகிய மூன்றும் செய்யக் கூடியனவே. அலகிடுதலைக் கணிப்பொறியே சரிபார்க்கும். சங்கப் பாடல் ஒன்றின் இறைச்சிப் பொருளை மாணவர் எழுதி அனுப்பினால், அதனைப் பார்த்து மறுமொழி எழுத ஆசிரியர் ஒருவர் வேண்டும்.

இங்கேதான் உண்மைச் சிக்கல் எழுகின்றது. பாடம் பதிவு செய்யும் மணிகளுக்குக் கணக்கு உண்டு. எழுதிய பக்கங்களுக்கும் கணக்கு உண்டு. ஐந்நூறு மாணவர் எழுதி அனுப்பும் விடைகளுக்கு மறுமொழி எழுதும் மணிகள் பணிக்கணக்கில் பெரும்பாலும் இடம் பெறுவதில்லை. பாத் நகரத்தில் பிட்மன் தாள்களைத் திருத்த ஒரு கழகம் அமைந்தது. பிரிட்டனில் பகுதிநேர ஆசிரியர் படை ஒன்று அமைந்தது. நம் துறைகளில் ஆராய்ச்சி மாணவர் பலர் உளர். மறுமொழி எழுதும் பணியைப் பயிற்சியோடும் ஊதியத்தோடும் அவர்க்கு அளிக்கலாம். அவர்கள் பெறும் மாணவர் பிழைகளைத் தொகுத்தால், எந்த நூற்பாவில் எத்தகைய மயக்கம் நேர்கின்றது என்பதற்குத் தமிழில் முதன்முதலாக ஒரு பட்டியல் கிடைக்கும். அடுத்த ஆண்டுப் பாடத்தின் வினாக்களை அப்பட்டியலிலிருந்தே எழுதலாம்.